ஒற்றை வரிக்குத் தனி முறை இல்லை

வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எழுந்து நின்று இங்கிலீஷ் பாடத்தை வாசித்தால் ஓர் இடத்திலும் இடறாது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள், கேள்வி வந்தால் குரலை உயர்த்துவாள், அழுகை வந்தால் தணிப்பாள். ரேடியோவுக்கும் அவளுக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு, அது அவளையும் ஒரு பையனையும் தவிர யாருக்கும் தெரியாது. ரேடியோவுக்கும் வாசிக்கத் தெரியாது.

இது எப்படி நடக்கும் என்று கேட்பது நியாயம்தான். உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்ட பெண், இங்கிலீஷ் வாசிப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண், எப்படி? அதற்கு அந்த வகுப்பு நடக்கிற விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கிலீஷ் டீச்சர் பாடத்தை முறை வைத்துத்தான் வாசிக்கச் சொல்வார். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் பையன்கள், நடுவில் ஒரு நடைபாதை. பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் தொடங்கிப் பின்பெஞ்சு வரை போய், அப்புறம் பையன்கள் பக்கம். ஆளுக்கு ஒரு பத்தி. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. ஒரே ஒரு சிக்கல் வந்தது. கதைகளில் சில இடங்களில் யாராவது ஒரே வரி பேசுவார்கள், அதுவும் பத்திபோலத் தனியாக நிற்கும். அந்த வரி யார் தலையில் விழுகிறதோ அவன் அதை மட்டும் சொல்லிவிட்டு வெற்றிவீரன் மாதிரி உட்கார்ந்துவிடுவான், அடுத்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆகவே டீச்சர் ஒரு விதி போட்டார். ஒற்றை வரிக்குத் தனி முறை கிடையாது. அதை எடுத்தவரே அடுத்த பத்தியையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

முறை என்று ஒன்று வந்துவிட்டால் அதை எண்ணிவிடலாம். எண்ணுவதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு பத்தியும் தொடங்கும் இடத்தில், விழுந்த பல்லின் இடம்போல ஒரு சின்ன வெற்றிடம் இருக்கும். ரேடியோ அந்தப் பொக்கைகளை எண்ணித் தன் பத்தியைக் கண்டுபிடித்துவிடுவாள். யாராவது வராமல் போனால் முறை முன்னால் நகரும் என்பதால், தன் பத்திக்கு முந்தின பத்தியையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொள்வாள். பிந்தினது தேவையில்லை. ஆள் குறையலாமே தவிர, இல்லாத ஆள் திடீரென்று முளைக்க மாட்டான்.

மனப்பாடம் செய்ய யாராவது ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். அதைச் செய்தவன் பூட்டு.

பூட்டு கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காரும் பையன். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவரின் மகன். முறை வந்தால் வாயைத் திறக்க மாட்டான், அதனால் அந்தப் பெயர். டீச்சர் சில நாள் கெஞ்சினார், சில நாள் திட்டினார், பிறகு அவனைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார். மூட்டை தூக்குகிறவர் மகனுக்கு இங்கிலீஷ் வராமல் போவதில் டீச்சருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் பூட்டுக்கு நன்றாக வரும். கிடங்கில் வந்து இறங்கும் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருப்பதை அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவன். சின்ன வகுப்பில் ஒருமுறை அழகாக எழுந்து வாசித்தான். அன்று மாலையே அவன் தெருப் பையன்கள் "வாங்க டீச்சரம்மா, புடவை எங்க டீச்சரம்மா" என்று வீடு வரை கொண்டுபோய் விட்டார்கள். அந்தத் தெருவில் சத்தமாக வாசிப்பது பெண்பிள்ளைகள் வேலை. மறுநாள் விழுந்த பூட்டு அது.

ரேடியோ பின்தங்கியதற்கும் காரணம் உண்டு. எழுத்துகளைக் கூட்டி ஓசையாக்கக் கற்றுத்தந்த வருடத்தில் அவள் பாதி நாள் வீட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அப்போதுதான் ஒரு ஓட்டலின் லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தம்பி வளர்ந்ததும், ஆம்பளப் பிள்ளை நாலு எழுத்து ஒழுங்காகப் படிக்கட்டும் என்று அவனைப் பணம் கட்டுகிற பள்ளியில் போட்டார்கள். அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், அச்சுப்போல அழகாகப் பார்த்தெழுதவும் வரும். நாலைந்து ஒன்றாகச் சேர்ந்தால்தான் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைபோல ஆகிவிடுவாள். வாரின தலை, சுத்தமான நோட்டு, கேள்வி கேட்காத வாய். டீச்சருக்கு வெளுத்ததெல்லாம் பால்.

இருவருக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. காலை மணி அடிக்கும் முன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் மெல்லிய குரலில் வாசிப்பான், அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். பதிலுக்கு அவனுடைய நண்டுக் கையெழுத்துக் கட்டுரைகளை அவள் பார்த்து அழகாக எழுதித் தருவாள். அவன் அங்கே சிகரெட் குடிக்கப் போகிறான் என்று நண்பர்கள் நம்பினார்கள். அவனும் மறுக்கவில்லை. புத்தகத்துக்கு சிகரெட் எவ்வளவோ கௌரவம்.

இப்படியே ஓடியிருக்கும். அந்த வருடம் வகுப்பைப் பிரிக்கும் நாள் வந்தது.

அந்தப் பள்ளியில் அந்த வயதில் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் பிரிவு இங்கிலீஷ் பொதுத்தேர்வு எழுதும், மேலே படிக்கும். தொழில் பிரிவில் பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு வெல்டிங். அங்கே இங்கிலீஷ் பாடமே கிடையாது. முதல் பிரிவு அறையின் பெஞ்சுகள் தரையோடு திருகி இறுக்கப்பட்டவை, கூட ஒன்று போட இடமில்லை. எல்லா இடமும் நிரம்பி, பெண்கள் பக்கத்துப் பின்பெஞ்சின் ஓரம் மட்டும் மிச்சம். அது ரேடியோவுக்கு என்று டீச்சர் குறித்துவைத்திருந்தார். வாசிப்பைக் கேட்டு உறுதி செய்ய ஆய்வாளர் ஒருவர் வரவேண்டியதுதான் பாக்கி.

அவர் வருவதற்கு முந்தின நாள் மாலை அம்மா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி விஷயத்தைச் சொன்னாள். லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்க ஆள் கேட்கிறார்கள். முதல் பிரிவு கிடைத்தால் படி, எப்படியாவது சமாளிக்கலாம். கிடைக்காவிட்டால் தையல் கற்றுக்கொள்ள வருடத்தை வீணாக்குவானேன், திங்கட்கிழமையே என்னோடு வந்துவிடு. அம்மா கோபமாகச் சொல்லவில்லை. சோறு போடும் குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை தொட்டிக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். பாடம் ஒரு படகுக்காரியின் கதை. வெள்ளத்தில் ஒரு வியாபாரியை அக்கரைக்குக் கொண்டுபோகிறாள், கரையில் கட்டிய கயிற்றை அவன் விடாமல் பிடித்திருக்க, அது படகையே கவிழ்க்கப் பார்க்கிறது. ரேடியோ பொக்கைகளை எண்ணி விரல் வைத்தாள். "இது என்னுது. இதுக்கு முன்னால இருக்கிற இந்தக் குட்டியையும் சேர்த்துச் சொல்லு. அதுக்கும் முன்னால ஒண்ணு, காவலுக்கு." குட்டி என்றது படகுக்காரி பேசுகிற ஒற்றை வரி. கயிற்றை விடச் சொல்லி வியாபாரியிடம் கத்துகிறாள். எதற்குக் குட்டியைச் சேர்க்கிறாய் என்று பூட்டு கேட்கவில்லை. வாசித்தான். ஒருநாளும் தன் முறையை எடுக்காதவனுக்கு முறையின் நுணுக்கம் எதற்கு?

ஆய்வாளர் சத்தம் போடாத மனிதர். கையில் பாடப்புத்தகத்தோடு நடைபாதையில் மெல்ல நடந்தார், தலைமையாசிரியர் வாசலோரம் நின்றார். இங்கிலீஷ் டீச்சர் வழக்கம்போல முதல் பெஞ்சைப் பார்த்துக் கை காட்டப் போனார்.

"எப்பவும் அங்கேருந்துதானா டீச்சர்? இன்னிக்குக் கடைசி வரிசையிலிருந்து குறுக்கே வரட்டும், அந்தச் சுவரோரப் பையன் முதல்ல" என்றார் ஆய்வாளர்.

ரேடியோ அவசரமாகக் கணக்குப் போட்டாள். கடைசியிலிருந்து என்றால் பையன்களின் பின்பெஞ்சு. சுவரோரம் பூட்டு, பக்கத்தில் நெட்டை, நடைபாதையை ஒட்டித் தூங்குமூஞ்சி. நடைபாதையைத் தாண்டினால் பெண்களின் பின்பெஞ்சு, அதன் ஓரத்தில் அவள். பாடத்தின் தலையிலேயே அவள் முறை வந்துவிடும். அவள் கையில் இருப்பதோ பாடத்தின் இடுப்பு.

"சார், அந்தப் பையன் வாசிக்க மாட்டான். பக்கத்துப் பையன்கிட்டேருந்து..." என்று டீச்சர் தொடங்கினார்.

"மாட்டானா, தெரியாதா?"

பூட்டு தலையைத் திருப்பி ரேடியோவைப் பார்த்தான். ஒரு கண நேரம்தான். பிறகு எழுந்தான்.

குரல் உடையும் வயது. முதல் வாக்கியத்திலேயே குரல் கீழே ஒரு படியும் மேலே இரண்டு படியுமாக ஏறி இறங்கியது. பையன்கள் பக்கம் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பூட்டு நிற்கவில்லை. முதல் பத்தி முடிந்தது, டீச்சர் வாய் பிளந்தபடி போதும் என்று கையசைத்தார், அவன் இரண்டாவதற்குள் போய்விட்டான். டீச்சர் மறுபடி கையைத் தூக்க, ஆய்வாளர் விடுங்கள் என்று சைகை செய்தார். மூன்றாவது, நான்காவது. வெள்ளம் ஏறியது, படகு சுழன்றது, வியாபாரி தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கதை என்ன ஆகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முறை வைத்து வாசித்த இத்தனை நாளில் தத்தம் பத்தியை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான் எல்லாரும். கதையைக் கேட்டது அன்றுதான்.

ரேடியோவுக்கு அவன் செய்வது புரிந்துவிட்டது. நடுவில் இருக்கும் பத்திகளையெல்லாம் தானே தின்றுகொண்டு வருகிறான். நெட்டைக்கும் தூங்குமூஞ்சிக்கும் ஒவ்வொன்று மிச்சம் வைத்து நிறுத்தினால், அவள் முறை அவளிடம் வந்து சேரும். அவள் விரல் பொக்கை பொக்கையாக அவன் குரலோடு இறங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒன்று. போதும், நிறுத்து...

பூட்டு அடுத்த பத்தியையும் வாசித்துவிட்டுத்தான் நிறுத்தி உட்கார்ந்தான்.

ரேடியோ எண்ணிப் பார்த்தாள், மறுபடியும் எண்ணினாள். ஒன்று கூடுதலாக வாசித்துவிட்டான். நெட்டைக்குக் காவல் பத்தி, தூங்குமூஞ்சிக்குக் குட்டி, அப்புறம் அவளுடையது. அவன் கணக்கு அப்படி. ஒற்றை வரியையும் ஒரு முறையாக எண்ணிவிட்டான். விதியின்படி குட்டியை எடுப்பவன் அவளுடையதையும் எடுப்பான். அவளுக்கு வருவது பிந்தினது. அவள் ஒருநாளும் தயார் செய்யாத பிந்தினது.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. தூங்குமூஞ்சி மகா சோம்பேறி.

நெட்டை காவல் பத்தியைத் தட்டுத்தடுமாறி முடித்தான். தூங்குமூஞ்சி எழுந்தான், ஒற்றை வரியை ஒப்பித்தான், லாட்டரி விழுந்தவன் முகத்தோடு உட்காரப் போனான். ரேடியோ எழுவதற்குக் காலை ஊன்றிவிட்டாள்.

"எங்க உட்கார்றே? அடுத்ததும் உன்னுதுதான்" என்றார் டீச்சர். பழகிய வாய்.

தூங்குமூஞ்சி அவளுடைய பத்தியை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகக் கழுத்தை நெரித்தான். நடுவில் பக்கம் முடிந்தது. வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் தாளைத் திருப்பும் சரசரப்பு. ரேடியோவும் திருப்பினாள். கை தானாகச் செய்தது.

அவள் முறை வந்தது. டீச்சரின் முகத்தில் அன்று முதன்முதலாகச் சிரிப்பு. ரேடியோ எழுந்தாள். முன்னால் இருந்தது எறும்புப் புற்று. எறும்புகள் தெரிந்தன, சொல் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை தெரிந்தது, ஆவி பறக்கும் விரிப்புகள் தெரிந்தன.

"சார், அவன் வாசிச்சதுல அந்தப் படகுக்காரி செத்தே போயிட்டா" என்றாள். "நான் அதையே ஒரு தடவை நல்லா வாசிக்கட்டுமா?"

வகுப்பே சிரித்தது, தூங்குமூஞ்சி உள்பட. ஆய்வாளரும் சிரித்துத் தலையசைத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ரேடியோ நினைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினாள். கயிற்றை விடச் சொல்லிப் படகுக்காரி கத்தினாள், வியாபாரி விட்டான், படகு எகிறியது, எல்லாம் அந்த அறைக்குள்ளேயே நடந்தது. கண்களை வரிவரியாக இடமிருந்து வலமாக ஓட்டவும் அவள் மறக்கவில்லை. அதில் அவளுக்குப் பல வருடப் பழக்கம்.

ஆய்வாளர் ரசித்தபடி நடந்து வந்தார். அவள் பக்கத்தில் நின்றார். அவள் புத்தகத்தைப் பார்த்தார், தன் புத்தகத்தைப் பார்த்தார். அவள் சொல்லிக்கொண்டிருந்ததன் தொடக்கம் திருப்பிவிட்ட தாளின் மறுபக்கத்தில் இருந்தது. அவள் கண்கள் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் யாரும் வாசிக்காத வேறொரு பத்தியின் மேல்.

முடிக்கும் வரை காத்திருந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. இப்ப உன் முன்னால இருக்கிறதை வாசி."

டீச்சரின் சிரிப்பு அப்படியே இருந்தது. நடைபாதைக்கு அப்பால் பூட்டு நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டான்.

"எனக்குக் கேட்டா சொல்ல வரும் சார்," என்றாள் ரேடியோ. "பார்த்தா வராது."

தலைமையாசிரியர் அறைக்கு ரேடியோவையும் பூட்டையும் கூட்டிப்போனார்கள். வராந்தாவில் நெட்டை ஓடிவந்து பூட்டின் காதில், "இத்தனை நாளா நீ சிகரெட் குடிக்கிறேன்னு நம்பி உன்னை மதிச்சோமேடா" என்றான். குரலில் நிஜமான வருத்தம். பின்னாலிருந்து இன்னொரு குரல் டீச்சரம்மா என்றது. பூட்டு திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்குள் ஆய்வாளர் சுருக்கமாகப் பேசினார். வாசிக்கத் தெரிந்த பையனைத் தெரியாது என்றும் தெரியாத பெண்ணைத் தெரியும் என்றும் வைத்திருக்கிறீர்கள். இருக்கிற ஒரு இடம் பையனுக்குப் போகட்டும். தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். அது பெண்கள் பெஞ்சு என்றார். பெஞ்சுக்கு ஆண் பெண் தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். "பெஞ்சுக்குத் தெரியாது சார். பெத்தவங்களுக்குத் தெரியும்" என்றார் தலைமையாசிரியர்.

இங்கிலீஷ் டீச்சர் அதுவரை ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை இப்படி ஏமாத்திட்டியே" என்றார். திட்டுவதுபோல இல்லை, அடிபட்டவர்போல இருந்தது.

"நீங்க காதாலதானே டீச்சர் மார்க் போட்டீங்க. ஒரு நாளாவது எதையாவது காட்டி இது என்னன்னு கேட்டிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன்." ரேடியோவுக்கு நிறுத்த வரவில்லை. "எனக்கு வாசிக்கத் தெரியலைன்னு தொழில் பிரிவுக்கு அனுப்புறீங்க. அங்க இங்கிலீஷே கிடையாதே. தெரிஞ்சவங்களுக்குச் சொல்லித்தர்றீங்க, தெரியாதவங்களை அது இல்லாத இடத்துக்கு அனுப்புறீங்க. அப்ப எனக்கு எப்ப தெரியும்?"

ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

"ரெண்டு பேரும் என் பிரிவுக்கு வரட்டும்" என்றார் டீச்சர்.

உட்கார இடம் இல்லை என்றார் தலைமையாசிரியர். இவள் தேர்வில் தோற்றால் உங்கள் கணக்கில்தான் எழுதுவேன் என்றார் ஆய்வாளர். "எழுதுங்க சார். அவளுக்கு மார்க் போட்டது என் கைதானே." அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பார்க்கலாம் என்றார் ஆய்வாளர். அதற்குள் வாசிக்க வராவிட்டால் இடம் காலி.

வெளியே வந்ததும் டீச்சர் நின்றார். ரேடியோ நன்றி சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம். உன் மேல எனக்கு இன்னும் கோபம் போகலை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பூட்டைத் தாண்டும்போது மட்டும் நடை தடுமாறியது.

வீட்டில் அவள் உண்மையைச் சொன்னாள். "அரையாண்டு வரைக்கும்தானே. மடிக்கிற வேலை அதுவரைக்கும் காத்திருக்குமான்னு கேக்கறேன்" என்றாள் அம்மா. ரேடியோ தம்பியின் பழைய முதல் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தைக் கேட்டாள். "அக்கா, இதுல வாத்துப் படம்தான் இருக்கு" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். சிரித்து முடித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை முதல் பிரிவில் பின்பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பூட்டு வாசலில் வந்து நின்றான். எல்லா இடமும் நிரம்பியிருந்தது. பையன்கள் பக்கம் யாரும் நகரவில்லை. ரேடியோ பக்கத்துப் பெண்ணை இடித்து உள்ளே தள்ளி நகர்ந்தாள், ஒரு சாண் மரம் மிஞ்சியது. அவன் காது சிவக்க நடந்து வந்து பாதி உடம்பை அதில் வைத்தான், மீதி நடைபாதையில் தொங்கியது. மாப்பிள்ளை வந்தாச்சு என்று ஒரு குரல் எழுந்தது. டீச்சர் உள்ளே வர, அடங்கியது.

"இனிமே முறை கிடையாது. நான் கை காட்டறவங்க வாசிக்கணும்" என்றார் டீச்சர். பெஞ்சு பெஞ்சாகப் புத்தகங்களுக்குள் பொக்கைகளைத் தேடிக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. டீச்சரின் கை நேராகப் பின்பெஞ்சுக்கு வந்தது.

ரேடியோ எழுந்தாள். இந்தப் பாடத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விரலை முதல் சொல்லில் வைத்தாள். எழுத்து எழுத்தாகத் தொட்டாள். எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வெகுநேரம் எடுத்தன. ஒரு சொல் வந்தது. அடுத்தது தப்பாக வந்தது. முன்பெஞ்சில் யாரோ திரும்பி, ரேடியோவுக்கு பேட்டரி போச்சு என்றார்கள். சிரிப்பு பரவியது. டீச்சர் அதட்டவும் இல்லை, உதவவும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்திலிருந்து பூட்டின் உதடு மெல்ல அசையத் தொடங்கியது.

"சொல்லாத" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள்.